பிங் முதல் ஃபிங்கர் வரை: பழைய யூனிக்ஸ் நெட்வொர்க் கட்டளைகளை இன்றைய கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் அது காட்டுவது ஒரே வரிதான்: தளத்தை அடைய முடியவில்லை. வைஃபை அறுந்ததா, ரவுட்டர் தொங்கிவிட்டதா, பெயரைத் தேடும் இடத்தில் சிக்கலா, எதிர்முனை சர்வரே படுத்துவிட்டதா என்று எதுவும் சொல்லாது. இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் கட்டளைகள் நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றன. பெரும்பாலானவை 1980களில் யூனிக்ஸில் பிறந்தவை. இன்றைய மடிக்கணினியிலும் ஓடுகின்றன.

இவற்றிடம் எனக்குப் பிடித்த குணம், ஒளிவு மறைவு இல்லாமை. இரண்டு கணினிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை அப்படியே திரையில் கொட்டும். சிலவற்றை வைத்துக்கொண்டு நாமே சர்வரோடு நேரடியாகப் பேசலாம். அந்த வெள்ளை மனசுதான் இவற்றில் சில கட்டளைகளின் உயிரையும் வாங்கியது. எதை இன்றும் தினமும் பயன்படுத்தலாம், எதைச் சொந்தக் கணினிக்குள் மட்டும் வைத்து விளையாடலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே போவோம்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளைத் தொலைபேசியில் நண்பருக்குச் சொல்வதுபோல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு முன் வரும் சிறு கோடு, கட்டளைக்குக் கொடுக்கும் சுவிட்ச். பெரிய எழுத்தில் அடிக்க வேண்டியிருந்தால் அங்கேயே சொல்வேன். மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

முதலில் டெர்மினலைத் தயார் செய்வோம்

லினக்ஸில் பிங், ஐபி, எஸ்எஸ் மூன்றும் பெரும்பாலும் முன்பே இருக்கும். பழையவற்றைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் இப்படி (முதலில் வரும் சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது):

சூடோ ஏபிடி இன்ஸ்டால் டெல்நெட் ஹூஇஸ் டிரேஸ்ரூட் ஃபிங்கர் நெட்-டூல்ஸ் டிசிபிடம்ப் டிஎன்எஸ்யூட்டில்ஸ் நெட்கேட்-ஓபன்பிஎஸ்டி

கடைசிப் பெயரைக் கவனியுங்கள். நெட்கேட் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் உண்டு, சுவிட்சுகள் ஆளுக்கு ஒரு மாதிரி. போர்ட் என்பது ஒரு கணினியில் எந்தச் சேவையின் கதவு என்று குறிக்கும் எண். பழைய வகையில், இணைப்புக்காகக் காத்திருக்கும்போது போர்ட் எண்ணுக்கு முன்னால் -பி போட வேண்டும். ஓபன்பிஎஸ்டி வகையில் வேண்டாம். பாடத்தில் எழுதியிருப்பதை அப்படியே அடித்தும் வேலை செய்யவில்லை என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம். இங்கே நான் சொல்வதெல்லாம் ஓபன்பிஎஸ்டி வகைக்கு.

மேக்கில் பிங், டிரேஸ்ரூட், டிக், ஹூஇஸ், நெட்ஸ்டாட், என்சி (நெட்கேட்டை இப்படித்தான் அடிப்பார்கள்) எல்லாம் கூடவே வரும். டெல்நெட்டையும், கோப்புகளை அனுப்பி வாங்கும் எஃப்டிபியையும் ஆப்பிள் 2017இல் ஹை சியரா பதிப்போடு எடுத்துவிட்டது. டெல்நெட் வேண்டுமென்றால் ஹோம்புரூ என்ற நிறுவி மூலம் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் டெல்நெட் செய்யும் வேலையில் முக்கால்வாசியை என்சி செய்துவிடும் என்பதால் அவசரமில்லை.

விண்டோஸில் இரண்டு வழி. பிங், டிரேசர்ட், நெட்ஸ்டாட், ஏஆர்பி, என்எஸ்லுக்அப் எல்லாம் கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே உண்டு. டெல்நெட்டை விண்டோஸ் அம்சங்கள் பட்டியலுக்குப் போய்த் தேர்வு செய்து இயக்க வேண்டும். விஸ்டா காலத்திலிருந்தே அது மூடித்தான் வருகிறது. முழு யூனிக்ஸ் சூழல் வேண்டுமென்றால் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி. பவர்ஷெல்லை அட்மின் உரிமையோடு திறந்து டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால் என்று அடியுங்கள் (இங்கே கோடு இரண்டு). கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் உபுண்டு வந்து நிற்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பு வழக்கமாக விண்டோஸுக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் தெரியும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியைக் குறிக்கும் எண்) உங்கள் வைஃபை முகவரி இல்லை. டிரேஸ்ரூட் காட்டும் முதல் நிறுத்தமும் ரவுட்டர் இல்லை, விண்டோஸேதான். அதனால் கோளாறு தேடும்போது விண்டோஸின் சொந்தக் கட்டளைகளையும், கற்றுக்கொள்ளும்போது டபிள்யூஎஸ்எல்லையும் எடுத்துக்கொள்வது நல்லது.

நான் எங்கே நிற்கிறேன்: ஐஎஃப்கான்ஃபிக்

1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு பரவலான கட்டளை இது. வெறுமனே அடித்து எண்டர் தட்டினால் உங்கள் கணினியின் ஒவ்வொரு நெட்வொர்க் வாசலையும் காட்டும். இனெட் என்ற சொல்லுக்கு அடுத்து இருப்பது ஐபி முகவரி. 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கினால் அது உள் நெட்வொர்க் முகவரி. ரவுட்டர் கொடுத்தது, சரியாக இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் முகவரி கேட்டும் யாரும் தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அங்கேயே நின்று ரவுட்டரையும் கேபிளையும் பாருங்கள். மேலே போவதில் பயனில்லை.

எல்ஓ என்ற வாசல் கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கு. அதன் முகவரி 127.0.0.1 என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையில் 127இல் தொடங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அத்தனையும் அதற்கே ஒதுக்கப்பட்டவை. லினக்ஸில் 127.5.6.7க்குப் பிங் அடித்துப் பாருங்கள், பதில் வரும். முகவரித் தட்டுப்பாடு வரும் என்று நினைக்காத காலத்தின் தாராளம்.

லினக்ஸில் ஐஎஃப்கான்ஃபிக் இப்போது ஓய்வுபெற்ற கட்டளை. ஐபி ஏ என்பதே அதன் வாரிசு. அதேபோல ஏஆர்பி -ஏ என்பதற்குப் பதில் ஐபி நெய். பக்கத்தில் இருக்கும் எந்தெந்தக் கருவிகளோடு உங்கள் கணினி அண்மையில் பேசியது என்று இவை சொல்லும்.

பிங்: ஒவ்வொரு படியாக ஏறுங்கள்

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் மைக் மூஸ் ஒரே மாலையில் எழுதி முடித்த நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்துத்தான் பெயர் வைத்தார். ஒரு சின்னப் பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, அனுப்பும். எதிர்முனை அதை அப்படியே திருப்பும். போய் வந்த நேரத்தைச் சொல்லும். அவ்வளவுதான்.

பலர் நேராக ஏதாவது பெரிய தளத்தின் பெயருக்குப் பிங் அடித்துவிட்டு, வரவில்லை என்று கை விரிப்பார்கள். படியேறுவதுபோல நான்கு முறை அடிக்க வேண்டும்.

பிங் -சி 4 127.0.0.1

இது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுவது. இதற்கே பதில் இல்லையென்றால் சிக்கல் கணினியின் நெட்வொர்க் மென்பொருளில். விண்டோஸில் -சி வேண்டாம், தானாகவே நான்கோடு நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் அதைப் போடாவிட்டால் கண்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது படி ரவுட்டர். அதன் முகவரியை நெட்ஸ்டாட் -ஆர்என் காட்டும். டிஃபால்ட் அல்லது 0.0.0.0 என்று தொடங்கும் வரியில், கேட்வே நெடுவரிசையில் இருப்பது அதுதான். மூன்றாவது படி, வெளியுலகில் ஒரு எண். 1.1.1.1 அல்லது 8.8.8.8 எளிதாக நினைவில் நிற்கும். நான்காவது, ஒரு பெயர்: எக்ஸாம்பிள்.காம். இந்தப் பெயர் உதாரணங்களுக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டது, தாராளமாகச் சோதிக்கலாம்.

எந்தப் படியில் கால் தடுக்குகிறதோ அங்கேதான் கோளாறு. மூன்றாவது வரை சரி, நான்காவது மட்டும் இல்லையென்றால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் கெட்டிருக்கிறது. பிரவுசரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, இணையம் இல்லை.

ஒருமுறை வீடியோ அழைப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. இணைப்பு தரும் நிறுவனத்தைக் கூப்பிட்டு ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில்தான் புத்தி வந்து ரவுட்டருக்கு மட்டும் பிங் ஓடவிட்டேன். 2 மில்லிசெகண்ட், 3, 2, 340, 410, 3. பத்தடி தூரத்தில் இருக்கும் பெட்டிக்கே 410 மில்லிசெகண்ட். வைஃபை சேனல் நெரிசல். சேனலை மாற்றியதும் சரியாகிவிட்டது. இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்ததற்கு ஒரு வாரத் தண்டனை.

பதில் வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 64 பைட்டுகள், ஐசிஎம்பி_சீக் 1, டிடிஎல் 52, டைம் 98 எம்எஸ் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சீக் என்பது வரிசை எண். 1, 2, 5 என்று தாவினால் நடுவில் இரண்டு தொலைந்தன. டிடிஎல் என்பது பாக்கெட்டின் ஆயுள். கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும். லினக்ஸும் மேக்கும் 64இல் தொடங்கும், விண்டோஸ் 128இல், பல ரவுட்டர்கள் 255இல். 52 என்றால் அநேகமாக 64இல் கிளம்பி 12 ரவுட்டர்களைத் தாண்டி வந்திருக்கிறது. நேரத்திலும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். போய்வர 98 எம்எஸ் என்றால் அந்த சர்வர் 9,800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்க முடியாது. கண்டம் தாண்டி இருப்பதாகச் சொல்லப்படும் சர்வர் 3 எம்எஸ்ஸில் பதில் தந்தால் அது உங்கள் பக்கத்திலேயே ஒரு நகல் வைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிங்குக்குப் பதில் இல்லை என்பதாலேயே சர்வர் இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர்வாலில் (போக்குவரத்தை வடிகட்டும் காவலில்) இந்த வகைப் பாக்கெட்டுகளை அடைத்து வைப்பவர்கள் நிறையப் பேர். உயிரோடு இருக்கிறதா என்பதை உறுதி செய்யப் போர்ட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். அது டெல்நெட் பகுதியில் வருகிறது.

டிரேஸ்ரூட்: சாகும் பாக்கெட்டுகள் சொல்லும் வழி

வான் ஜேக்கப்சன் 1987இல் எழுதிய இந்த நிரலின் உத்தி எனக்கு இன்றும் வியப்பு. ஆயுள் 1 உள்ள பாக்கெட்டை அனுப்பும். முதல் ரவுட்டரிலேயே அது செத்துவிடும். செத்த செய்தியை ரவுட்டர் தன் முகவரியோடு திருப்பி அனுப்பும். அடுத்து ஆயுள் 2, அடுத்து 3. இரங்கல் செய்திகளை வரிசையாக அடுக்கினால் பாதை கிடைத்துவிடுகிறது.

டிரேஸ்ரூட் -என் எக்ஸாம்பிள்.காம்

-என் போட்டால் ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடிக்கொண்டிருக்காமல் வேகமாக ஓடும். ஒவ்வொரு வரியிலும் மூன்று நேரங்கள், ஒரே இடத்துக்கு மூன்று பாக்கெட். விண்டோஸில் கட்டளைப் பெயர் டிரேசர்ட்; அங்கே பிங் அனுப்பும் அதே ஐசிஎம்பி வகைப் பாக்கெட் போகிறது, யூனிக்ஸில் வழக்கமாக யூடிபி என்ற வேறு வகைப் பாக்கெட், 33434 என்ற போர்ட்டில் தொடங்கி. இதனால் ஒரே இடத்துக்கு இரண்டும் வேறு வேறு முடிவு காட்டலாம். லினக்ஸில் -ஐ என்று பெரிய எழுத்தில் போட்டால் ஐசிஎம்பிக்கு மாறிக்கொள்ளும்.

இதைத் தவறாகப் படிப்பவர்களே அதிகம். நடுவில் ஒரு வரி முழுக்க நட்சத்திரக் குறிகள் வந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். அடுத்த வரிகள் வருகிறதல்லவா, பாதை திறந்தே இருக்கிறது. ஐந்தாவது வரியில் 180 எம்எஸ், ஆறாவதில் 20 எம்எஸ் என்றால் ஐந்தாவது ரவுட்டர் மெதுவானது என்று புகார் எழுதக் கிளம்பாதீர்கள். பாக்கெட்டுகளைக் கடத்துவதுதான் ரவுட்டரின் முதல் வேலை, நமக்கு இரங்கல் கடிதம் எழுதுவது கடைசி வேலை. ஒரு வரியில் ஏறிய நேரம் அதற்குப் பின் வரும் எல்லா வரிகளிலும் இறங்காமல் நின்றால் மட்டுமே அங்கே ஏதோ இருக்கிறது. இன்னொன்று: நீங்கள் காண்பது போகும் வழி மட்டும். திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம்.

பெயர் விசாரணை: டிக், ஹூஇஸ்

1980களின் தொடக்கம்வரை அன்றைய இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. அதை எல்லோரும் அவ்வப்போது நகலெடுத்துக்கொண்டார்கள். அது தாங்காமல் போய், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அந்தப் பழைய கோப்பின் எச்சம் இன்றும் உங்கள் கணினியில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

டிக் எக்ஸாம்பிள்.காம் என்று அடித்தால் பதில் பகுதியில் பெயர், ஒரு எண், பிறகு முகவரி வரும். அந்த எண், எத்தனை நொடி இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது. உடனே மறுபடி அடித்தால் எண் குறைந்திருக்கும். ஸ்டேட்டஸ் என்ற சொல்லையும் பாருங்கள். என்எக்ஸ்டொமைன் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை. செர்வ்ஃபெயில் என்றால் கேட்ட இடத்தில் தடுமாற்றம். சந்தேகம் வந்தால் வேறொருவரிடம் கேளுங்கள்:

டிக் @1.1.1.1 எக்ஸாம்பிள்.காம்

இதற்குப் பதில் வந்து, வெறும் டிக்குக்கு வரவில்லை என்றால் உங்கள் ரவுட்டர் காட்டும் டிஎன்எஸ் சர்வர்தான் குற்றவாளி. பொழுது இருந்தால் பெயருக்குப் பின்னால் +டிரேஸ் சேர்த்துப் பாருங்கள். ஏ முதல் எம் வரை பெயர் கொண்ட 13 ரூட் சர்வர்களில் தொடங்கி, ஒவ்வொரு மட்டமும் அடுத்தவரைக் கைகாட்டுவது தெரியும்.

ஹூஇஸ் ஒரு காலத்தில் டொமைன் வைத்திருப்பவரின் வீட்டு முகவரிவரை சொல்லும். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலும் பதிவு தேதி, காலாவதி தேதி, பதிவு நிறுவனம், நேம்சர்வர் இவ்வளவுதான் மிஞ்சும். அதுவே போதும், காலாவதி தேதி தாண்டியதால் படுத்த தளங்கள் கொஞ்சமல்ல. ஆர்டிஏபி என்ற புதிய முறை இதன் இடத்தைப் பிடித்து வருகிறது, ஆகவே சில பெயர்களுக்கு ஹூஇஸ் வெறும் கையோடு திரும்பலாம்.

டெல்நெட், நெட்கேட்: சர்வரோடு நேரில் பேசுவது

டெல்நெட்டின் வேர் 1969இல் இருக்கிறது. தொலைவிலுள்ள கணினியில் உள்நுழையப் பிறந்தது. அந்த வேலைக்கு இன்று யாரும் அதைத் தொடக்கூடாது. ஆனால் ஒரு போர்ட்டின் கதவைத் தட்டிப் பார்க்க அது இன்றும் நல்ல கை.

டெல்நெட் எக்ஸாம்பிள்.காம் 80

மூன்றில் ஒன்று நடக்கும். கனெக்டட் என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது. கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்று உடனே வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்க எந்த நிரலும் இல்லை. சர்வீஸை ஓடவிட மறந்திருப்பார்கள். எதுவுமே சொல்லாமல் அப்படியே நின்றால் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது, அல்லது அந்த முகவரியில் யாருமே இல்லை. இந்த மூன்றின் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதித் தலைவலி போய்விடும். என்சி -விஇசட்டும் இதையே பேச்சு வளர்க்காமல் செய்துவிடும்.

இணைந்த பிறகு நீங்களே பிரவுசராக மாறலாம். கீழே உள்ளதை ஆங்கிலத்தில் அடியுங்கள். முதல் சொல்லும் ஹெச்டிடிபி என்பதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்:

கெட் / ஹெச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: எக்ஸாம்பிள்.காம்
கனெக்ஷன்: குளோஸ்

பிறகு ஒரு வெற்று எண்டர். அந்த வெற்று வரிதான், நான் கேட்டு முடித்துவிட்டேன் என்ற அடையாளம். அதைத் தட்டும்வரை சர்வர் பொறுமையாகக் காத்திருக்கும், பிறகு தலைப்பு வரிகளும் பக்கமும் மளமளவென்று கொட்டும். ஒரே ஐபி முகவரியில் ஆயிரம் தளங்கள் குடியிருக்கலாம் என்பதால்தான் ஹோஸ்ட் வரி. அதை விட்டுவிட்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள், 400 என்ற பிழை எண்ணோடு முகத்தில் அடிக்கும். மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல் விசையோடு மூடும் சதுர அடைப்புக்குறியை அழுத்தி, க்விட் என்று அடித்து வெளியே வாருங்கள்.

இன்றைய தளங்கள் பெரும்பாலும் 443ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு பேசுகின்றன. அங்கே டெல்நெட் செல்லாது. ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட் எக்ஸாம்பிள்.காம்:443 -சிஆர்எல்எஃப் -ஐஜிஎன்_இஓஎஃப் என்று தொடங்கினால் சான்றிதழ் விவரங்கள் ஓடி முடிந்தபின் அதே நான்கு வரிகளை அடிக்கலாம். உள்ளே நடக்கும் பேச்சு பழையதுதான், மேலே போர்வை மட்டும் புதிது.

அடுத்தது நெட்கேட், 1995இல் வந்தது. இரண்டு டெர்மினல் ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில்:

என்சி -எல் 7777

மற்றதில்:

என்சி 127.0.0.1 7777

ஒன்றில் அடித்து எண்டர் தட்டினால் மற்றதில் வரும். அரட்டைச் செயலி தயார். இப்போது மூன்றாவது ஜன்னல் திறந்து, கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள், -ஏ மட்டும் பெரிய எழுத்து:

சூடோ டிசிபிடம்ப் -ஐ எல்ஓ -ஏ போர்ட் 7777

மேக்கில் எல்ஓவுக்குப் பின் ஒரு பூஜ்யம் சேர்க்கவும். முதல் ஜன்னலுக்குத் திரும்பி, கடவுச்சொல் மாதிரி ஏதாவது ஒன்றை அடியுங்கள், உண்மையானது வேண்டாம். மூன்றாவது ஜன்னலில் புள்ளிகளும் குப்பை எழுத்துகளுமாக ஒரு வரி வரும், அதன் வாலில் நீங்கள் அடித்தது எழுத்துக்கு எழுத்து அப்படியே நிற்கும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது என் கை தானாகத் திரையை மறைக்கப் போனது. டெல்நெட்டும் எஃப்டிபியும் கடவுச்சொல்லை இப்படித்தான் அனுப்புகின்றன. பாதுகாப்பு பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு வரி போதும்.

உள் நெட்வொர்க்கில் ஒரு கோப்பை நகர்த்தவும் நெட்கேட் உதவும். வாங்கும் கணினியில் என்சி -எல் 7777 என்பதன் வெளியீட்டை வலப்பக்கம் பார்க்கும் கோணக் குறியால் (>) ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். அனுப்பும் கணினியில் என்சி -என் என்று பெரிய எழுத்து எனோடு, வாங்குபவரின் முகவரியும் போர்ட்டும் கொடுத்து, இடப்பக்கம் பார்க்கும் கோணக் குறியால் (<) கோப்பை ஊட்டுங்கள். -என் என்பது கோப்பு தீர்ந்ததும் இணைப்பை மூடச் சொல்வது. அதை விட்டால் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். மேக்கில் வரும் என்சியில் இந்தச் சுவிட்ச் இப்படி வேலை செய்யாது. அங்கிருந்து அனுப்பினால் சிறிது பொறுத்துக் கண்ட்ரோல்-சி. கோப்பு மாறாமல் வந்ததா என்று பார்க்க, இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 கூட்டுத்தொகையை ஒப்பிட்டுவிடுங்கள். டபிள்யூஎஸ்எல்லில் வாங்க முயன்றால் வெளியிலிருந்து எட்டாது, காரணம் மேலேயே சொன்னேன்.

ஃபிங்கர், கோஃபர்: கொஞ்சம் விளையாட்டு

ஃபிங்கர் 1971இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் எழுதியது. யார் கணினியில் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று சொல்லும். கூடவே வீட்டுக் கோப்பகத்தில் புள்ளி பிளான் என்ற கோப்பு இருந்தால் அதையும் காட்டும். அதில் ஆளாளுக்கு நாட்குறிப்பு எழுதினார்கள். விளையாட்டு நிரலாளர் ஜான் கார்மாக் 1990களில் தன் அன்றாட வேலையை அப்படித்தான் ஊருக்குச் சொன்னார்.

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மாரிஸ் விட்ட புழு இணையத்தில் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று ஃபிங்கர் சர்வரில் இருந்தது: 512 பைட் இடத்தில் எவ்வளவு வந்தாலும் அளக்காமல் வாங்கிக்கொண்டது. யார் எப்போது வேலை செய்கிறார் என்று அந்நியருக்குச் சொல்வதே ஆபத்து என்று பிறகு எல்லோரும் சர்வரை மூடிவிட்டார்கள். ஆனால் ஃபிங்கர் நெறிமுறை மிக எளிது: 79ஆம் போர்ட்டில் இணை, பெயரை அனுப்பு, உரையை வாங்கு. சொந்தக் கணினியில் ஒரு போலி ஃபிங்கர் சர்வர் அமைக்க ஒரு வரி போதும். ஒரு கோப்பில் இன்றைய வேலைத் திட்டத்தை எழுதி, என்சி -என் -எல் 7979 என்பதற்கு அதை ஊட்டுங்கள் (-என் பெரிய எழுத்து). 79ஐ நேரடியாகப் பிடிக்க நிர்வாகி உரிமை வேண்டும். 1024க்குக் கீழே எல்லாப் போர்ட்டுக்கும் அதே கதைதான். இன்னொரு ஜன்னலில் என்சி 127.0.0.1 7979 அடித்தால் திட்டம் திரையில். நிற்காவிட்டால் கண்ட்ரோல்-சி.

உயிரோடு இருக்கும் பழைய உலகத்தைப் பார்க்க ஆசையா? 1991இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த கோஃபர், தகவல்களைப் பட்டியல்களாகக் காட்டும் முறை, வெப்பின் சமகாலப் போட்டியாளர். கோஃபர் புள்ளி ஃப்ளட்கேப் புள்ளி காம் என்ற முகவரியின் 70ஆம் போர்ட்டுக்கு என்சியில் இணைந்து வெறும் எண்டர் தட்டுங்கள். ஒரு பட்டியல் வந்து விழும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் வகையைச் சொல்லும்: 0 என்றால் உரைக் கோப்பு, 1 என்றால் இன்னொரு பட்டியல், 7 என்றால் தேடல். மொத்த நெறிமுறையும் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

நெட்ஸ்டாட்: உங்கள் வீட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது

நெட்ஸ்டாட் -டியுஎல்பிஎன்

டிசிபி, யூடிபி (தகவல் அனுப்பும் இரண்டு முறைகள்), கேட்டுக்கொண்டிருப்பவை, நிரல் பெயர், எண்ணாகவே காட்டு என்ற ஐந்து எழுத்து. லினக்ஸில் இதன் வாரிசான எஸ்எஸ் அதே ஐந்தை ஏற்கும், விரல் பழக்கம் வீணாகாது. சூடோ சேர்த்தால்தான் எல்லா நிரல் பெயரும் தெரியும். விண்டோஸில் -ஏஎன்ஓ, கடைசி நெடுவரிசையில் வரும் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடுங்கள். மேக்கின் நெட்ஸ்டாட்டுக்கு இந்தச் சுவிட்சுகள் புரியாது, அங்கே சூடோ எல்எஸ்ஓஎஃப் -ஐயே எளிது.

பார்க்க வேண்டியது லோக்கல் முகவரி. 127.0.0.1 என்றால் வீட்டுக்குள் மட்டும் திறக்கும் கதவு. 0.0.0.0 என்றாலோ வெறும் இரண்டு முக்காற்புள்ளிகள் (::) மட்டும் இருந்தாலோ நெட்வொர்க்கில் யாரும் தட்டலாம். சோதனைக்கு ஓடவிட்ட ஒரு டேட்டாபேஸ் 0.0.0.0இல் நின்றால் அது அழைப்பிதழ். டைம்_வெயிட் என்று ஒரு கூட்டம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மூடிய இணைப்புகள், லினக்ஸில் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

எஃப்டிபியும் ஆர் குடும்பமும்

எஃப்டிபி 1971இல் அபய் பூஷண் எழுதிய முன்மொழிவிலிருந்து வந்தது. கட்டளைக்கு ஓர் இணைப்பு, கோப்புக்கு வேறோர் இணைப்பு. பழைய முறையில் அந்த இரண்டாவதை சர்வரே உங்கள் கணினியை நோக்கித் தொடங்கும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு அது எப்படி வந்து சேரும்? உள்நுழைந்தபின் எல்எஸ் அடித்ததும் எஃப்டிபி உறைந்து நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பாசிவ் என்று அடித்து மாற்றிக்கொள்ளுங்கள். பெயரில்லாமல் நுழையும் பொதுக் கோப்பகங்களுக்கு மட்டும் சரி. கடவுச்சொல் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள், மூன்றாவது ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவிலுள்ள கணினியில் நுழைய ஆர்லாகின், கட்டளை ஓட்ட ஆர்எஸ்ஹெச், கோப்பை நகலெடுக்க ஆர்சிபி: மூன்றும் 4.2 பிஎஸ்டியின் பிள்ளைகள். ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் இருந்தால் கடவுச்சொல்லே கேட்காது; எதிரிலிருந்து வருபவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பும். நிறுவிப் பார்க்கக்கூடச் சொல்ல மாட்டேன். 1995இல் ஃபின்லாந்தில் டாட்டு யிலோனன், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்டபின், இதே வேலைகளை மறையாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்ஹெச் எழுதினார். எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். ஆர்லாகின் அடிக்கத் தோன்றும் இடத்தில் எஸ்எஸ்ஹெச், ஆர்சிபிக்கு எஸ்சிபி, எஃப்டிபிக்கு எஸ்எஃப்டிபி. சுவிட்சுகள்கூடக் கிட்டத்தட்ட அதே சாயல்.

அந்தச் சாயலில் ஒன்று இன்னும் வேலைக்கு ஆகும். எஸ்சிபி உள்ளுக்குள் ஆர்சிபியின் பழைய பேச்சையே பல்லாண்டு பேசிக்கொண்டிருந்தது. 2022இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0இல்தான் வழக்கமான பேச்சை எஸ்எஃப்டிபிக்கு மாற்றினார்கள். பழைய ரவுட்டருக்கோ சேமிப்புப் பெட்டிக்கோ கோப்பு அனுப்பும்போது எஸ்சிபி இணைப்பை மூடிக்கொண்டு ஓடினால், -ஓ என்று பெரிய எழுத்தில் சேர்த்து மறுபடி அடியுங்கள். 1983இன் பேச்சுக்குத் திரும்பி, கோப்பு போய்ச் சேர்ந்துவிடும்.